மாதிரி எண் 4471

புட்டியைத் திறந்ததும் பெட்ரோல் வாசம்.
எண்ணெய்க்கு அந்த வாசம் ஆகாது.

தாம்பெரே. ஜனவரி.
மதியம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
அடுத்தவர் என்ஜினின் எண்ணெயைப் பார்ப்பது என் வேலை.
முகம் தெரியாது, கால் தெரியும்:
ஆக்ஸிலரேட்டரில் எது அவசரப்பட்டதென்று
ஈயமும் தாமிரமும் சொல்லிவிடும்.

பெயர்: தைஸ்தோ வெஹ்விலைனென்.
ஊர்: ஹமீன்லின்னா.
ஆறு சிலிண்டர், எட்டாயிரம் சுற்று வரை ஏறும் ரகம்.
எண்ணெய்: 10W-60.
பயன்பாடு: பந்தயத் தடத்தில் மட்டும்.
கேள்வி: நீர்த்துப்போகிறது. இதைவிடக் கெட்டியாக ஏதும் உண்டா?

அறுபது என்பது கோடைக்கு வாங்கும் எண்.
நூற்று முப்பது டிகிரியில்,
வளைவுக்கு வளைவு பிரேக் சிவக்கையில்,
தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே
முடியைவிட மெல்லிய படலம் ஒன்று
கிழியாமல் நிற்கத்தான் அத்தனை காசு.
இருபத்திரண்டு இருக்க வேண்டிய பாகுத்தன்மை
இவருடையதில் பதினைந்து.
எரிபொருள் கலப்பு ஆறு சதவீதம்.

அஹ்வெனிஸ்டோ தடம் அக்டோபரிலேயே மூடியாயிற்று.
கடைசியாக எண்ணெய் மாற்றியபின் ஓடியது
பதினோரு கிலோமீட்டர்.
பதினோரு கிலோமீட்டரில் இத்தனை பெட்ரோல் இறங்காது,
தினம் யாரோ சாவியைத் திருப்பி,
நகராமல்,
சூடேறும் முன்பே அணைத்தாலொழிய.

மனைவியாக இருக்கும், என்றான் யோர்மா.
யோர்மாவுக்கு எல்லாமே மனைவிதான்.

போன் செய்தேன். செய்யக் கூடாது, விதி.
எத்தனை நிமிடம் ஓட விடுகிறீர்கள்?
எங்கள் ஊரில் மௌனமும் பதிலில் ஒரு பகுதி.
காத்திருந்தேன்.
நாலு, என்றார். சில நாள் ஐந்து.
அவருக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

வில்யா. பத்து வாரம்.
தொட்டில் பிடிக்கவில்லை. தாலாட்டு பிடிக்கவில்லை.
அம்மாவைப் பிடிக்கும்,
அம்மாவுக்கோ மருத்துவமனையில் இரவுப் பணி.
மற்றபடி பிடித்தது ஒன்றே:
வீட்டு முற்றத்தில், மைனஸ் இருபதில்,
குளிர்ந்த என்ஜின்
ஆயிரத்து இருநூறில் இருமும் அந்தக் கரகரப்பு.
நாலு நிமிடத்தில் கண் சொருகிவிடும்.
அவர் அணைத்துவிட்டு
கதவைத் திறக்கப் பயந்து
இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

முள் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது, என்றார், தற்காப்பாக.
அது தண்ணீரின் முள்.
தண்ணீர் சட்டென்று சரி சொல்லிவிடும்.
அது தொண்ணூறைத் தொட்டு நிற்கும்போதும்
எண்ணெய் போர்வையை விலக்கியிருக்காது.

அறிக்கையில் எழுதினேன்:
கெட்டி எண்ணெய் வேண்டாம்.
இந்தக் குளிரில் அது மேலேறவே யோசிக்கும்.
பனி முடியும்வரை 0W-40 போதும்.
குழந்தை தூங்கியபின் அணைக்க வேண்டாம்.
ஃபோர்ஸா வரை போய்த் திரும்பவும்.
மூவாயிரம் சுற்றுக்குமேல் போகாமல்.
எண்ணெய் அரைமணி நன்றாகச் சூட்டில் நின்றால்
கலந்த பெட்ரோல் தானே கிளம்பிப் போகும்.

ஃபோர்ஸாவின் கீழே கோடு கிழித்து
இது ஆய்வா, என்று கேட்டார் மேலாளர்.
ஆமாம் என்றேன்.
அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் அடுத்த புட்டி.
வாசமில்லை. கலப்பு ஒன்றுக்கும் கீழே.
ஓடியது: மூவாயிரத்து நானூறு.
பயன்பாடு என்ற கட்டத்தில்
'தடம்' அடிக்கப்பட்டு
வேறு பேனாவில், வேறு கையெழுத்தில்: தூக்கம்.

தாமிரம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.
எங்கோ ஒரு பேரிங்
விடிய விடிய விழித்திருந்து தேய்கிறது.
சிவப்பில் வட்டமிட்டேன்.
விளக்கம் எழுதவில்லை.
அவருக்குத் தெரியாததா.